என்ன அரிசி என்று யாரும் கேட்பதில்லை

கல்யாணத்துக்குச் சமையல் பேச வருகிறவர்கள் எங்கள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்ததும் கேட்கும் முதல் கேள்வி, "அண்ணாச்சி, எத்தனை வகை போடுவீங்க?" 17 என்றால் முகம் சுருங்கும். 21 என்றால் மலரும். போன ஆவணியில் வந்த ஒருவர், சம்பந்தி வீட்டில் 26 வகை போட்டார்கள் என்று விரல்விட்டு எண்ணிக் காட்டினார். தண்ணீர் பாட்டிலும் பீடாவும் அந்தக் கணக்கில் சேர்த்தி. வாசுதேவநல்லூரில் நான் சமையல் எடுத்துச் செய்ய ஆரம்பித்து ஒன்பது வருஷம் ஆகிறது. "என்ன அரிசி போடப் போறீங்க?" என்று இதுவரை ஒரு ஆள் கேட்டதில்லை.

என் அப்பா இந்தப் பக்கத்தில் தவசிப்பிள்ளையாக இருந்தவர். மூட்டை வந்து இறங்கியதும் கோணி ஊசியால் குத்தி நாலு அரிசியை எடுப்பார். ஒன்றைக் கடிப்பார், ஒன்றை வெயிலில் பிடித்துப் பார்ப்பார். பழைய அரிசியா, புது அரிசியா, எவ்வளவு தண்ணீர் கேட்கும், உலை எப்போது வைக்கணும் என்று அதிலேயே முடிவு பண்ணிவிடுவார். அவர் போன பிறகு அந்தக் கேள்வியை நான் திரும்பக் கேட்டது துபாயில், ஒரு ஸ்பெயின்காரர் வாயால்.

அங்கே ஒரு ஹோட்டலில் 11 வருஷம் வேலை பார்த்தேன். முதல் இரண்டு வருஷம் வெங்காயம் உரிப்பு. பிறகு மூன்றாவது மாடியில் இருந்த ஸ்பானிஷ் உணவகத்துக்கு மாற்றினார்கள். தலைமைச் சமையல்காரர் வாலென்சியாக்காரர். "எங்க அப்பா ஆயிரம் பேருக்குச் சோறு வடித்தவர்" என்று கொஞ்சம் மிதப்பாகச் சொன்னேன். அவர் டப்பாவிலிருந்து ஒரு பிடி அள்ளி என் கையில் போட்டு, "இது என்ன?" என்றார். "அரிசி." "என்ன அரிசி?" எனக்குப் பதில் தெரியவில்லை. குட்டையாக, உருண்டையாக, நடுவில் பால்வெள்ளைப் புள்ளியோடு இருந்தது. போம்பா என்று பிற்பாடு தெரிந்தது. உயரமாக வளர்ந்து எளிதில் சாய்ந்துவிடும் பயிராம், விளைச்சல் குறைவாம், அதனால் விலை கூடுதலாம். அரிசியைப் பற்றிச் சொல்லும்போதே பயிர் சாய்வதையும் சொல்லுகிற சமையல்காரரை அதற்கு முன் நான் பார்த்ததில்லை.

இப்போது எதற்கு இந்தக் கதை என்றால், தென்காசிப் பக்கம்கூட ஹோட்டல் மெனுக்களில் 'ஸ்பானிஷ் ரைஸ்', 'ஸ்பானிஷ் பிரியாணி' என்றெல்லாம் தலைகாட்ட ஆரம்பித்திருக்கிறது. ஒரு இடத்தில் வாங்கிப் பார்த்தேன். பாசுமதி, மஞ்சள்பொடி, குடைமிளகாய், சிவப்பு மிளகாய்த்தூள். காரம் மண்டைக்கு ஏறியது. ஸ்பெயின் சாப்பாடு என்றாலே காரம் என்று நம்மவர்களுக்கு ஒரு நினைப்பு. மெக்சிகோவையும் ஸ்பெயினையும் ஒன்றாக்கிக்கொண்டதால் வந்த வினை. மெக்சிகோவில் தோர்த்தியா என்றால் மக்காச்சோள ரொட்டி. ஸ்பெயினில் அதே பெயருக்கு உருளைக்கிழங்கு போட்ட தடித்த முட்டை அடை. கிழங்கைச் சீவி, நிறைய ஆலிவ் எண்ணெயில், பொரியாமல், சின்னத் தீயில் குழைய வேகவிட்டு வடித்து, அடித்த முட்டையில் சற்று ஊறவைத்துச் சட்டியில் ஊற்றுவார்கள். ஒரு பக்கம் பிடித்ததும் மேலே தட்டைக் கவிழ்த்து ஒரே திருப்பு. முதல் வாரத்தில் நான் திருப்பியது பாதி அடுப்பிலும் பாதி என் செருப்பிலும் விழுந்தது. அதில் வெங்காயம் போடலாமா கூடாதா என்பதில் அந்த நாடே இரண்டாகப் பிரிந்து கிடக்கிறது. மிளகாய்க் காரத்துக்கு அதில் இடமே கிடையாது.

மிளகாய் ஐரோப்பாவுக்குப் போனதே ஸ்பெயின் கப்பலில்தான். கொலம்பஸ் 1493இல் திரும்பி வந்தபோது கொண்டுவந்தார். ஆனால் அவர்கள் அதன் உறைப்பை எடுத்துக்கொள்ளவில்லை. நிறத்தையும் மணத்தையும் எடுத்துக்கொண்டார்கள். லா வேரா என்ற பக்கத்தில் பழுத்த மிளகாயை ஓக் மர விறகின் புகையில் இரண்டு வாரம் போல உலர்த்தி அரைக்கிறார்கள். பிமெந்தோன் என்று பெயர். மூடியைத் திறந்தால் விறகு அடுப்படி வாசம் வரும். உறைப்பை எடுத்துக்கொண்டது நாம்தான், அதுவும் போர்த்துகீசியர் கையிலிருந்து. நம் முத்துக்குளித்துறைக்கு 1542இல் வந்த சவேரியார், ஸ்பெயினின் வடக்கே நவார்ராவில் பிறந்தவர். மணப்பாடு வரை நடந்த மனிதர். அவர் ஊர்ச் சமையல் எதுவும் இந்தக் கரையில் ஒட்டவில்லை. ஒட்டியிருந்தால் தூத்துக்குடியில் இன்று என்ன சாப்பிட்டுக்கொண்டிருப்போம் என்று நான் சும்மா யோசிப்பதுண்டு.

ஸ்பெயின் சமையல் என்று ஒன்றைச் சொல்லுவது தமிழ்நாட்டுச் சமையல் என்று ஒன்றைச் சொல்லுவது போலத்தான். வடக்கே அஸ்தூரியாஸில் வெள்ளை பீன்ஸும் பன்றிக்கறியும் மணிக்கணக்காகக் கொதிக்கும் ஃபபாதா. கலீசியாவில் மரத்தட்டில் வைத்த ஆக்டோபஸ், மேலே உப்பும் பிமெந்தோனும் எண்ணெயும் மட்டும். மத்ரித்தில் கோசீதோ: கொண்டைக்கடலை, காய், இறைச்சி எல்லாம் ஒரே பானையில் வெந்து, பரிமாறும்போது மட்டும் மூன்றாகப் பிரியும். முதலில் ரசம், அடுத்து கடலையும் காயும், கடைசியில் கறி. நாம் சாம்பார், ரசம், மோர் என்று மூன்று தடவை சோறு வாங்குகிற முறையை இது எனக்கு ஞாபகப்படுத்தும். தெற்கே அந்தலூசியாவில் கஸ்பாச்சோ. இன்று அது சிவப்பாக இருப்பது தக்காளியால். தக்காளி அமெரிக்காவிலிருந்து வருவதற்கு முன்பு பழைய ரொட்டி, பூண்டு, எண்ணெய், வினிகர், உப்பு, தண்ணீர், அவ்வளவுதான். உரலில் இடித்துக் கலக்கி வெயிலில் வேலை செய்கிறவர்கள் குடித்தது. நீராகாரம் குடித்தவனுக்கு இதை விளக்கவே வேண்டாம். சூரோஸை நம் தேன்குழலின் வெளியூர்த் தம்பி என்று சொல்லித் தாண்டிப் போகிறேன்.

நான் தங்க விரும்புவது வாலென்சியாவின் வயலில். பயேயா என்று அவர்கள் சொல்லுவது உண்மையில் சட்டியின் பெயர். பரோட்டாக் கல்லுக்கு இரண்டு விரல்கடை விளிம்பு கட்டி, இரண்டு காது வைத்தால் அதுதான் பயேயா. ஆழம் கிடையாது, அகலம்தான். அரிசி ஒரு விரல் கனத்துக்கு மேல் நிற்கக்கூடாது. நம் அண்டாவுக்கு நேர் எதிர். ஆளுக்கு 100 கிராம் கணக்கு. கூட்டம் கூடினால் சட்டி அகலமாகும், ஆழமாகாது.

எங்கள் தலைமைச் சமையல்காரர் செய்வதைப் பக்கத்தில் நின்று எத்தனையோ தடவை பார்த்திருக்கிறேன். ஆலிவ் எண்ணெயில் கோழியையும் முயலையும் போட்டுப் பொன்னிறம் தாண்டும் வரை வறுப்பார். அவசரமே கிடையாது, அரைமணி ஆனாலும் ஆகட்டும். அடுத்து அகலப் பட்டை பீன்ஸ், பட்டர் பீன்ஸ் மாதிரியான கர்ரொஃபோ. நடுவில் இடம் ஒதுக்கித் துருவிய தக்காளி, அது சுண்டியதும் பிமெந்தோன். போட்டு இரண்டு எண்ணுவதற்குள் தண்ணீர் ஊற்றிவிட வேண்டும். மூன்றாவது எண்ணில் கருகிக் கசந்துவிடும். தண்ணீர் கொதித்துக் கொதித்து அங்கேயே சாறாகும். குங்குமப்பூ, உப்பு. அப்புறம்தான் அரிசி. சட்டியின் குறுக்கே ஒரு கோடாகக் கொட்டுவார், அரிசித் தலை சாற்றுக்கு மேலே கொஞ்சம் தெரிகிற மாதிரி. அந்தக் கோட்டுக்கு அவர்கள் சொல்லுகிற பெயர் கபய்யோன். என்ன அர்த்தம் என்று கேட்டேன். வயலில் மண்ணை அணைத்துக் கட்டுவோமே, வரப்பு, அதுதான் என்றார். சட்டிக்குள்ளேயும் வரப்புக் கட்டுகிற ஊர்!

வரப்பைக் கலைத்து அரிசியைச் சமமாகப் பரப்பினதோடு கரண்டி வெளியே. அதற்குப் பிறகு கிண்டவே கூடாது. ஒரு நாள் கை பழக்கத்தில் ஒரு கிண்டு கிண்டிவிட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. அந்தச் சட்டியை அப்படியே இறக்கி வேலைக்காரர்கள் சாப்பாட்டுக்கு அனுப்பிவிட்டு மறுபடி எண்ணெய் ஊற்றினார். முதல் 10 நிமிஷம் பெருந்தீ, அடுத்த 8 நிமிஷம் சிறுதீ, கடைசியில் காதை வைத்துக் கேட்பார். கொதிக்கிற சத்தம் அடங்கிப் படபடவென்று பொரிகிற சத்தம் வரும். அடியில் காந்தல் பிடிக்கிறது என்று அர்த்தம். சொக்கராத் என்பார்கள் அதை. பொங்கல் பானையின் அடிக்காந்தலுக்கு நாங்கள் சண்டை போட்ட மாதிரி அங்கே பெரியவர்களே சண்டை போடுவார்கள். ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், தோட்டத்தில், ஆரஞ்சு மர விறகில், பெரும்பாலும் ஆண்கள் சமைப்பது. சட்டியை நடுவில் வைத்துச் சுற்றி உட்கார்ந்து மரக்கரண்டியால் சாப்பிடுவார்கள். அவரவர் முன்னால் இருக்கிற முக்கோணம்தான் அவரவர் பங்கு. அடுத்தவர் வரப்புக்குள் போகக்கூடாது.

வாலென்சியாக்காரர்கள் இதில் வெறியர்கள். அரிசி, எண்ணெய், தண்ணீர், உப்பு, குங்குமப்பூ, தக்காளி, கோழி, முயல், இரண்டு வகை பீன்ஸ் என்று பத்துச் சாமானைப் பட்டியல் போட்டு வைத்திருக்கிறார்கள். இறாலும் சிப்பியும் போட்டது கடற்கரை வகை, அதற்கு வேறு கணக்கு. வெங்காயம் சேர்த்தால் சோறு இளகிவிடும் என்று அதையும் அண்டவிட மாட்டார்கள். 2016இல் பிரிட்டிஷ் சமையல்காரர் ஜேமி ஆலிவர் பயேயாவில் சொரீஸோ என்ற பன்றிக்கறிக் குழலைப் போட்டுவிட்டு அவர்களிடம் வாங்கிய திட்டு உலகப் பிரசித்தம். 2021இல் வாலென்சிய அரசு பயேயாவைப் பண்பாட்டுச் சொத்து என்றே அறிவித்துவிட்டது. கண்டதையும் போட்டு ஒருவர் செய்தால் அது பயேயா இல்லை, 'அர்ரோஸ் கோன் கோசாஸ்' என்பார்கள். சாமான் போட்ட சோறு.

இந்தப் பத்துச் சாமான் சட்டத்தை நான் வேதவாக்காக எடுத்துக்கொள்ளவில்லை. அந்த வயல்களையும் அல்புஃபேரா ஏரியையும் ஒட்டிய ஊர்களில் ஒரு காலத்தில் முயலுக்குப் பதிலாக நீர் எலியைப் போட்டுத்தான் சமைத்தார்கள். விலாங்கும் நத்தையும் உண்டு. பிலாஸ்கோ இபாஞ்ஞெஸ் 1902இல் அந்த ஏரிக்கரை மக்களைப் பற்றி எழுதிய நாவலிலேயே எலிச் சமையல் வருகிறது. வயலில் எது ஓடியதோ அது சட்டிக்கு வந்தது. நம் ஊர் வயல்களிலும் அறுப்பு முடிந்ததும் வளை தோண்டியவர்கள் உண்டு; அதை வெளியே சொல்ல நமக்குத்தான் கூச்சம். ஆக, மேலே கிடப்பது காலத்துக்குக் காலம் மாறியிருக்கிறது. மாறாமல் இருந்தது அரிசியும், அது ஒரு விரல் கனத்தில் சாற்றைக் குடித்து நிற்கிற விதமும். கறி எங்கே என்று தேடாதே, கறி சோற்றுக்குள் இருக்கிறது என்று எங்கள் தலைமைச் சமையல்காரர் சொல்லுவார்.

இந்த அக்கறை அடுப்படியில் மட்டும் பிறந்ததில்லை. அரிசியையும் கரும்பையும் ஆரஞ்சையும் வாய்க்கால் பாசனத்தையும் அங்கே வேரூன்ற வைத்தவர்கள் 711க்குப் பிறகு வந்த முஸ்லிம்கள். சொற்களும் அப்படியே தங்கிவிட்டன. சர்க்கரைக்கு அஸூக்கர், அரிசிக்கு அர்ரோஸ், ஆரஞ்சுக்கு நாரன்ஹா. கடைசிச் சொல்லைக் கேட்டதும் எனக்கு ஊர் ஞாபகம் வந்துவிட்டது. மலைக்கு அந்தப் பக்கம் புனலூரில் எலுமிச்சையை நாரங்ங என்கிறார்கள். இந்தப் பக்கம் நாம் நாரத்தை என்கிறோம். எல்லாம் ஒரே கொடியில் காய்த்த சொற்கள். 'அர்ரோஸ்' நம் 'அரிசி'யிலிருந்து போனது என்று சொல்லுபவர்களும் உண்டு, அதை மறுப்பவர்களும் உண்டு. நான் அந்தச் சண்டைக்குப் போகவில்லை.

வாலென்சியாவில் தண்ணீருக்கு ஒரு கோர்ட் இருக்கிறது. வியாழக்கிழமை தோறும் பகல் 12 மணிக்குப் பெரிய கோயில் வாசலில் எட்டு வாய்க்காலின் எட்டுப் பிரதிநிதிகள் கறுப்பு அங்கி போட்டு உட்காருவார்கள். மடையை மீறித் திறந்தவன், முறை தவறிப் பாய்ச்சியவன் எல்லாரையும் வாய்வார்த்தையாகவே விசாரித்து அங்கேயே தீர்ப்பு. வக்கீல் கிடையாது. 2009இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது. இதை நான் சொன்னபோது என் பெரியப்பா, "நம்ம நீர்ப்பாய்ச்சிக்கு அங்கி மட்டும்தாம்லே இல்ல" என்றார். குளத்துக்கு நீர்ப்பாய்ச்சி இருந்த காலம் இங்கேயும் உண்டு. எந்த மடையில் எப்போது தண்ணீர், யாருக்கு முதல் முறை என்று அவர் சொன்னதுதான். இன்று எங்கள் ஊரைச் சுற்றி நெல்லும் கரும்பும் இருக்கிறது. நெல் களத்திலிருந்தே லாரி ஏறிவிடுகிறது. நான் கல்யாணத்துக்கு வாங்குவது வேறெங்கோ தீட்டி, பளபளப்பான பையில், படம் போட்டு வருகிற அரிசி. பையில் கம்பெனி பெயர் இருக்கும். உள்ளே என்ன ரகம் என்று கடைக்காரருக்கும் தெரியாது.

அரிசியை இப்படி மதிக்காததில் என் கோபம் முதலில் பட்டது துபாய் ஹோட்டல் மேல்தான். அந்த வாலென்சியாக்காரர் ஊருக்குப் போன பிறகு, வெள்ளிக்கிழமை பஃபேக்கு பாசுமதியை முன்னமே அவித்து வைத்து, மஞ்சள் கலரில் புரட்டி, மேலே இறால் அடுக்கி, 'பயேயா' என்று பலகை வைக்கச் சொன்னார்கள். நானும் வைத்தேன், சம்பளம் வாங்குகிறவன். வரிசையில் வந்தவர்கள் இறாலைப் பொறுக்கிக்கொண்டு சோற்றை ஓரமாக ஒதுக்கினார்கள். ஊருக்கு வந்து நான் எடுத்த முதல் பெரிய கல்யாணத்திலும் அதையே பார்த்தேன். 21 வகையையும் நக்கிப் பார்த்துவிட்டுச் சோற்றைப் பாதியில் மூடிய இலைகள். சோறு அப்படித்தான் இருந்தது: ருசியும் இல்லை, மணமும் இல்லை, காலையில் வடித்தது பகலில் விரைத்துக் கிடந்தது. அந்தச் சோற்றை வடித்தவன் நான்.

ஆகவே சமையல் பேச வருகிறவர்களிடம் இப்போது நானே சொல்லுகிறேன். ஐந்து வகையைக் குறையுங்கள். காலிஃப்ளவர் பொரிப்பும் பேபிகார்னும் போனால் யாரும் அழப்போவதில்லை. அந்தக் காசில் ரகம் சொல்லி நல்ல அரிசி வாங்குவோம். வாசலில் பன்னீர் தெளிக்கிற இடத்தில் ஒரு பலகை வைத்து இன்ன அரிசி, இன்ன ஊரில் விளைந்தது என்று எழுதுவோம். இதுவரை இரண்டே பேர் ஒத்துக்கொண்டார்கள். ஒருவர் ஓய்வுபெற்ற வாத்தியார். இன்னொருவருக்கு நிஜமாகவே பணமுடை.

வெளிநாட்டுச் சோற்றைத்தான் போடுவேன் என்கிற ஹோட்டல்காரர்களுக்கும் ஒன்று. பயேயா செய்ய போம்பா அரிசியை விமானத்தில் வரவழைக்க வேண்டியதில்லை. அம்பாசமுத்திரத்தில் 1937இலிருந்து நெல் ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. அவர்கள் 1986இல் வெளியிட்ட அம்பை 16 குட்டையான, பருமனான வெள்ளை அரிசி. இந்த மாவட்டத்தில் பாதிப் பேர் வீட்டில் இட்லிக்குப் போடுவது அதுதான். அதைப் புழுக்காமல் பச்சரிசியாகத் தீட்டிப் பார்க்கலாமே என்று எனக்குத் தோன்றியது. அதற்கு முன் சீரகச்சம்பாவில் செய்து பார்த்தேன். சோறு நின்றது, ஆனால் அதன் வாசம் குங்குமப்பூவை விழுங்கிவிட்டது. பொங்கல் அரிசியில் செய்தது பொங்கலாகவே வந்தது.

போன தை மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை, தலையணைக்குப் போகிற வழியில் மச்சினர் தோப்பு. புளியங்குடிப் பட்டறையில் சொல்லி அடித்து வாங்கிய 40 செ.மீ. சட்டி. ஆரஞ்சு விறகுக்கு நான் எங்கே போக? கவாத்துப் பண்ணிய எலுமிச்சை விறகு இருந்தது. தீ சுறுசுறுப்பாகப் பிடிக்கிறது, புகையில் லேசாக ஒரு புளிப்பு மணம். முயல் கிடையாது, நாட்டுக்கோழி மட்டும். பட்டர் பீன்ஸ் தென்காசிச் சந்தையில் கிடைத்தது. தண்ணீர்க் கணக்கில் ஒரு பிசகு: அம்பை 16 நான் நினைத்ததைவிடக் கூடுதலாகக் குடித்தது, கடைசியில் ஒரு செம்பு வெந்நீர் தெளிக்க வேண்டியதாயிற்று. அந்த வாலென்சியாக்காரர் பார்த்திருந்தால் சட்டியை இறக்கியிருப்பார். ஆனால் சத்தம் வந்தது. படபடவென்று அதே சத்தம்.

ஏழு பேர் சட்டியைச் சுற்றி உட்கார்ந்தோம். அவரவர் முக்கோணத்தைக் கரண்டியால் கோடு போட்டுக் காட்டினேன்.

"என்னலே இது, குழம்பு எங்க?" என்றாள் அத்தை.

"குழம்பு சோத்துக்குள்ளதான் அத்த இருக்கு."

"உள்ள இருந்தா எதப் பெசஞ்சு திங்க?" என்று எழுந்துபோய்த் தூக்குச்சட்டியிலிருந்து நாரத்தங்காய் ஊறுகாய் எடுத்து வந்தாள். ஆரஞ்சுத் தோட்டத்துச் சோற்றுக்கு நாரத்தை. வாலென்சியாவில் யாருக்கும் சொல்லிவிடாதீர்கள்.

அம்மா ஒன்றும் பேசவில்லை. இரண்டு பருக்கையை எடுத்து, கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவில் வைத்து நசுக்கினாள். வாயில் போட்டாள்.

"இது நம்ம அம்பை பதினாறுல்லா?" என்றாள்.

அதற்குள் அத்தையின் பேரன் கரண்டியைத் திருப்பிப் பிடித்து, என் வரப்பைத் தாண்டி வந்து, என் பங்குக் காந்தலையும் சுரண்டிக்கொண்டிருந்தான்.